ஆகனில் விற்கும் சலவை இயந்திரத்தை லியேஜில் இருப்பவருக்கு மறுக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட வரையில் திருப்பிச் சொல்கிறேன். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் குடியிருக்கிறீர்கள். எல்லைக்கு அப்பால் ஜெர்மனியிலுள்ள ஓர் இணையக் கடையில், நீங்கள் தேடும் அதே சலவை இயந்திரம் நூற்றுச் சொச்சம் யூரோ குறைவாகக் கிடைக்கிறது. தளத்தைத் திறந்ததும் அது உங்களைக் கேளாமலே அதே நிறுவனத்தின் பெல்ஜியப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. சுற்றிவளைத்து ஜெர்மன் பக்கத்துக்குப் போனால், அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று படிவம் அடம்பிடிக்கிறது. ஜெர்மன் எல்லை நகரமான ஆகனில் இருக்கும் நண்பரின் முகவரியைக் கொடுத்தால் உங்கள் வங்கி அட்டை செல்லாது என்கிறது. லியேஜுக்கே அனுப்பச் சொன்னால் ‘பெல்ஜியத்துக்கு டெலிவரி இல்லை’ என்கிறது. ‘ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜியோ-பிளாக்கிங்கைத் தடை செய்துவிட்டார்கள் என்றார்களே, அது வெறும் பேச்சா?’ என்பது உங்கள் கேள்வி. வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்து இணையக் கடை அவரைத் தடுப்பதுதான் ஜியோ-பிளாக்கிங். உண்மையில் இதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன: திருப்பிவிடுவது, பதிவை மறுப்பது, அட்டையை மறுப்பது, கொண்டுவந்து தர மறுப்பது. முதல் மூன்றிலும் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் நிற்கிறது. நான்காவதில் அது கடைக்காரர் பக்கம் நிற்கிறது. இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் வெல்லக்கூடிய புகாரை விட்டுவிட்டு, வெல்ல முடியாத புகாரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வழக்கறிஞர் அல்லன். இணையக் கடைகளின் ஆர்டர் படிவங்களையும் பணம் கட்டும் பக்கங்களையும் இந்த விதிகளுக்கு ஏற்பச் சரிபார்த்துத் திருத்தித் தருவதே பல ஆண்டுகளாக என் பிழைப்பு. ஆகவே விதி என்ன சொல்கிறது, கடைகள் எங்கே சறுக்குகின்றன என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் குறிப்பிட்ட ஆர்டரைப் பற்றிய முடிவு அந்தக் கடையின் விற்பனை நிபந்தனைகளைப் படித்த பிறகே சொல்லத்தக்கது.

சட்டம் இருப்பது உண்மை. 2018 பிப்ரவரி 28 அன்று நிறைவேற்றப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த 2018/302 என்ற எண்ணுடைய ஒழுங்குமுறை விதி அது. ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றமும் தனியே சட்டமாக்க வேண்டிய அவசியமின்றி, எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகச் செல்லுபடியாகும் வகையைச் சேர்ந்தது. இதற்கு முன்பும், 2006ஆம் ஆண்டின் சேவைகள் பற்றிய நெறிமுறை, வாடிக்கையாளரின் குடியுரிமையையோ வசிப்பிடத்தையோ வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லித்தான் இருந்தது. ஆனால் ‘புறநிலையான காரணங்கள்’ இருந்தால் வேறுபடுத்தலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தது. அந்த வாசல் வழியாகப் பெரும்பாலான கடைகள் வெளியேறின. ஐரோப்பிய ஆணையம் மாற்று வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை விட்டு நடத்திய, 2016இல் வெளியான ஆய்வில், வேறொரு உறுப்பு நாட்டிலிருந்து வந்தவர் வாங்க முடியாதபடி இருந்த தளங்கள் 63 விழுக்காடு. அதன் பிறகுதான், எந்தச் சூழலில் மறுக்கவே கூடாது என்று பெயர் சொல்லிப் பட்டியலிடும் இந்த விதி வந்தது.

முதலில் திருப்பிவிடுவதை எடுத்துக்கொள்வோம். இதில் ஐயத்துக்கு இடமில்லை. உங்கள் ஐபி முகவரி பெல்ஜியத்துடையது என்பதற்காக ஜெர்மன் தளத்தை அடைக்கக் கூடாது. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வேறு நாட்டுப் பதிப்புக்குத் தள்ளவும் கூடாது. ஒருமுறை சம்மதித்துவிட்டாலும் பிறகு அதைத் திரும்பப் பெறலாம்; நீங்கள் முதலில் போக விரும்பிய பதிப்பு எளிதில் எட்டும்படி இருந்தாக வேண்டும். ‘நீங்கள் பெல்ஜியத்திலிருந்து வருவதுபோல் தெரிகிறது, பெல்ஜியப் பக்கத்துக்குப் போகலாமா?’ என்று ஒரு பெட்டியைக் காட்டி, ‘வேண்டாம்’ என்பதற்கும் ஒரு பொத்தான் வைத்தால் அது சரி. பெட்டியே காட்டாமல் இழுத்துப் போவது சரியல்ல. சட்டப்படி ஒரு பொருளை அங்கே விற்கவே முடியாது என்பதுபோன்ற காரணத்தால் அடைப்பதானால், அந்தக் காரணத்தைத் தெளிவாக விளக்க வேண்டும், அதுவும் நீங்கள் முதலில் திறக்க முயன்ற பக்கத்தின் மொழியிலேயே. சலவை இயந்திரத்துக்கு அப்படியொரு காரணம் இருக்க வழியே இல்லை.

அஞ்சல் குறியீட்டு விஷயம் எனக்கு மிகவும் பழகியது. ஜெர்மனியில் குறியீடு ஐந்து இலக்கம், பெல்ஜியத்தில் நான்கு. படிவத்தை எழுதிய நிரலாளர் ‘ஐந்து இலக்கம் இல்லையென்றால் தவறு’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருப்பார். அந்த வரியை வாடிக்கையாளரின் வசிப்பிட முகவரிக்கும் டெலிவரி முகவரிக்கும் சேர்த்தே போட்டிருப்பார். நான் ஒருமுறை சரிபார்த்த தளத்தில் சட்ட ஆலோசகர் எழுதிக் கொடுத்த நிபந்தனைகள் குற்றமற்றவை. ‘எல்லா உறுப்பு நாட்டு வாடிக்கையாளரையும் வரவேற்கிறோம்’ என்றுகூட ஒரு வரி இருந்தது. படிவமோ, லக்ஸம்பர்க்கின் நான்கு இலக்கத்தைப் பார்த்ததும் சிவப்புக் கோடு போட்டு நின்றுவிட்டது. தொலைபேசி எண்ணுக்கு முன்னால் ஜெர்மனியின் 49ஐ மட்டும் மாற்ற முடியாதபடி பதித்து வைத்திருந்தார்கள். உரிமையாளரிடம் காட்டியபோது அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். யாரையும் விலக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. ஆனால் விதி எண்ணத்தைப் பார்ப்பதில்லை, விளைவைப் பார்க்கிறது. பொருளை ஜெர்மனிக்குள்ளேயே பெற்றுக்கொள்ள நீங்கள் தயாராக இருக்கும்போது, உங்கள் சொந்த முகவரி பெல்ஜியத்தில் இருப்பதால் மட்டும் விற்பனை நடக்க முடியாமல் போனால், அது வசிப்பிடத்தை வைத்து மறுப்பதுதான். ஆகவே வசிப்பிட முகவரியும் பொருள் போய்ச் சேரும் முகவரியும் வெவ்வேறாக இருக்கப் படிவம் இடங்கொடுக்க வேண்டும்.

அட்டை விஷயத்தில் விதி சற்று நுணுக்கமானது. இங்கேதான் பலர் தங்களுக்கு இருப்பதைவிட அதிக உரிமை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எந்த வழிகளில் பணம் வாங்குவது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் கடைக்காரருடையது. பெல்ஜியத்தில் எல்லாருடைய பையிலும் இருக்கும் உள்நாட்டு அட்டையான பேன்கான்டாக்டை ஜெர்மன் கடை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பற்று அட்டையை ஏற்பதாக அறிவித்துவிட்டால், அதே நிறுவனத்தின் அதே வகை அட்டையை பெல்ஜிய வங்கி கொடுத்தது என்பதற்காக மறுக்க முடியாது. கடை ஏற்கும் நாணயத்தில் நீங்கள் கட்ட வேண்டும், வங்கியின் வலுவான அடையாளச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இருவரும் யூரோ நாட்டில் இருப்பதால் முதலாவது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் வழியைக் கடை ஜெர்மன் கணக்குகளுக்குத் தருகிறது என்றால், பெல்ஜியத்தைக் குறிக்கும் பிஇ என்ற எழுத்துகளில் தொடங்கும் உங்கள் கணக்கு எண்ணையும் ஏற்க வேண்டும். இதற்கு 2012ஆம் ஆண்டின் யூரோ பணப்பரிமாற்ற விதியும் தனியே துணை நிற்கிறது. வேறு வகையில் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில், பணம் வந்து சேர்ந்தது உறுதியாகும் வரை பொருளை நிறுத்தி வைக்கக் கடைக்கு உரிமை உண்டு. ஐயத்துக்குரிய இடம் ஒன்று இருக்கிறது: பொருள் கைக்கு வந்த பிறகு பில்லுக்குப் பணம் கட்டும், ஜெர்மானியர்களுக்கு மிகவும் பிடித்த ‘ரெக்னுங்’ முறை. அது பணம் செலுத்தும் வழியா, கடன் கொடுப்பதா என்று இரண்டு விதமாகவும் வாதிடலாம். கடன் தகுதியைச் சோதிக்கும் அமைப்பில் உங்கள் பெயரே இல்லையென்றால் கடை மறுப்பதற்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. நானாக இருந்தால் அந்த வழிக்காகச் சண்டைக்குப் போக மாட்டேன்.

இனி டெலிவரி. இந்த விதி உங்களுக்குத் தருவது, ஜெர்மனியில் இருக்கும் ஒருவரைப் போலவே வாங்கும் உரிமை. ஆகனில் குடியிருப்பவருக்குக் கடை எங்கெங்கே கொண்டுபோய்த் தருமோ, எங்கெங்கே வந்து எடுத்துக்கொள்ள விடுமோ, அங்கெல்லாம் உங்களுக்கும் தர வேண்டும். அதைத் தாண்டி எல்லை கடந்து லியேஜுக்கு வண்டி அனுப்பு என்று யாரும் கடையை வற்புறுத்த முடியாது. ‘பெல்ஜியத்துக்கு டெலிவரி இல்லை’ என்ற வரி ஆகவே தன்னளவில் குற்றமல்ல. டெலிவரிக் கட்டுப்பாடுகளையும் ஏற்கும் பணவழிகளையும் ஆர்டர் தொடங்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை நெறிமுறை கேட்கிறது, அவ்வளவுதான். ‘பெல்ஜியத்தில் வசிப்பவருக்கு விற்பனை இல்லை’ என்று இருந்தால் அது குற்றம். இரண்டு வரிகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். தடை உங்கள் மேல் விழுகிறதா, வண்டியின் பாதை மேல் விழுகிறதா என்று பாருங்கள். புகார் எழுதும்போதும் அந்த ஒன்றைத்தான் தெளிவாக்க வேண்டும்.

இந்தச் சமரசத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் நடத்தும் ஒரு சிறு கடையை எழுபது கிலோ எடையுள்ள இயந்திரத்தை லிஸ்பனுக்கு அனுப்பக் கட்டாயப்படுத்துவது அநியாயம் என்பதை ஏற்கிறேன். ஆனால் இதன் பலன் எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை. லியேஜிலிருந்து ஆகனுக்கு முக்கால் மணி நேரக் கார்ப் பயணம்; உங்களுக்கு இந்த உரிமை ரூபாய் நோட்டைப்போல் கையில் செல்லும். மால்டாவில் இருப்பவருக்கு ‘ஆகனில் வந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்பது ஏட்டுச் சுரைக்காய். எல்லை தாண்டிய பார்சல் கட்டணங்களை வெளிப்படையாக்க 2018/644 என்ற தனி விதி வந்தது. அது கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்ததே தவிர, அவற்றுக்கு உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை.

விலையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரே நிறுவனம் ஜெர்மன் தளத்தில் ஒரு விலையும் பெல்ஜியத் தளத்தில் வேறு விலையும் வைப்பதற்கு இந்த விதியில் தடை இல்லை. தடை இருப்பது, ஜெர்மன் தளத்துக்கு வந்த உங்களுக்கு, நீங்கள் பெல்ஜியவாசி என்று தெரிந்ததும் விலையை மாற்றுவதற்கு. வரியிலும் உங்களுக்கு ஒரு சிறு ஆதாயம் உண்டு: பொருளை ஜெர்மனியிலேயே பெற்றுக்கொண்டால் அங்குள்ள 19 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரிதான், பெல்ஜியத்தில் அது 21.

நீங்களே போய் எடுத்துவருவதானாலோ வண்டி அமர்த்துவதானாலோ கவனிக்க வேண்டியவை சில உண்டு. கடை முன்வைக்காத ஒரு வண்டிக்காரரை நீங்களே அமர்த்தினால், பொருளை அவரிடம் ஒப்படைத்த கணமே சேதத்தின் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். வழியில் கதவு நசுங்கினால் கடையைக் கேட்க முடியாது. பதினான்கு நாளுக்குள் ஆர்டரைக் கைவிடும் உரிமை இணையத்தில் வாங்கும் உங்களுக்கு வழக்கம்போல் உண்டு, ஆனால் திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக உங்கள் தலையில். இந்த எடைக்கு அது சிறு தொகை அல்ல. இரண்டு ஆண்டுச் சட்ட உத்தரவாதம் இரு நாட்டிலும் உண்டு. ஆனால் கடை இந்த விதிக்குக் கட்டுப்பட்டு உங்களுக்கு விற்றது என்பதாலேயே அது பெல்ஜியச் சந்தையைக் குறிவைத்து வணிகம் செய்ததாக ஆகாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே தகராறு வந்தால் ஜெர்மன் சட்டத்தையும் ஜெர்மன் நீதிமன்றத்தையும் எதிர்பார்த்தே இறங்க வேண்டும். பெல்ஜியத்துக்கென்று தனியாகத் தளம் நடத்தும் நிறுவனம் என்றால் இந்த வாதம் கடைக்கு அவ்வளவு எளிதாக இருக்காது. ஆயினும் அது வழக்கைப் பொறுத்தது, நான் உறுதி கூற மாட்டேன்.

நூறு யூரோ மிச்சம் என்று இதைப் படிப்பவர்கள் அடுத்து திரைப்படம், மின்நூல், விளையாட்டு என்று கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். திரைப்படம், தொலைக்காட்சி போன்ற ஒளி-ஒலிச் சேவைகள் இந்த விதிக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றன. பணம் கட்டிச் சேர்ந்த சேவையைத் தற்காலிகப் பயணத்தின்போது வேறு உறுப்பு நாட்டில் பார்க்க அனுமதிப்பது வேறொரு விதி, 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது. இணையவழி தரப்படும் மின்நூல், இசை, மென்பொருள் ஆகியவற்றில், தளத்துக்குள் நுழைவதையும் அட்டையையும் பற்றிய பாதுகாப்பு உண்டு. ‘எனக்கும் விற்றாக வேண்டும்’ என்ற உரிமை இல்லை, ஏனெனில் பதிப்புரிமை நாடு நாடாகப் பிரித்து விற்கப்படுகிறது. அச்சு நூலில், ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் நூலை ஒரே நிர்ணய விலையில் விற்கச் சொல்லும் நிலைவிலைச் சட்டங்களை மதித்து வேறு விலை போடலாம். ஆனால் பதிப்புரிமை என்ற சொல் எல்லாவற்றுக்கும் கேடயமாகிவிடாது. ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமும் ஐந்து விளையாட்டு வெளியீட்டாளர்களும், மலிவான நாடுகளில் விற்ற கணினி விளையாட்டுகளின் குறியீடுகளை மற்ற நாடுகளில் இயங்காதபடி பூட்டியதற்காக, 2021 ஜனவரியில் ஆணையம் மொத்தம் 78 லட்சம் யூரோ தண்டம் விதித்தது. வால்வ் மேல்முறையீடு செய்தது. 2023 செப்டம்பரில் ஒன்றியப் பொது நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தண்டம் 2018ஆம் ஆண்டு விதியின் கீழ் வந்ததல்ல, போட்டிச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு விற்க மறுக்கும் கடைக்காரர் சில வேளை தானாக மறுப்பதில்லை. ‘உன் எல்லைக்கு வெளியே விற்காதே’ என்று தயாரிப்பாளர் அவர் கையைக் கட்டியிருப்பார். தேடி வரும் வாடிக்கையாளருக்கு விற்கக் கூடாது என்று இந்த விதிக்கு மாறாகக் கட்டும் ஒப்பந்தப் பிரிவு தானாகவே செல்லாததாகிவிடும். பெரும் நிறுவனங்கள் இதில் அகப்பட்டிருக்கின்றன: தன் உடைகளை விற்கும் கடைகள் எல்லை தாண்டி விற்பதையும் விளம்பரம் செய்வதையும் தடுத்ததற்காக கெஸ் நிறுவனம் 2018 டிசம்பரில் ஏறத்தாழ 4 கோடி யூரோ கட்ட நேர்ந்தது, சாக்லேட், பிஸ்கட், காபி ஆகியவற்றை மலிவான நாட்டில் வாங்கி வேறு நாட்டில் விற்பதைத் தடுத்ததற்காக மாண்டெலீஸுக்கு 2024 மேயில் 33.75 கோடி யூரோ. தண்டத் தொகைகளை ஒப்பிட்டால், விலைச் சுவர் எழுப்பப்படுவது படிவத்தின் அஞ்சல் குறியீட்டுப் பெட்டியில் அல்ல, மொத்த வியாபாரத்தின் ஒப்பந்தத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கடவுச்சீட்டு இந்தியாவுடையது என்பதால் உரிமை இருக்குமா என்று தயங்கியிருந்தீர்கள். தயங்க வேண்டாம். உறுப்பு நாட்டின் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருந்தால் போதும்; வசிப்பிடமே உங்களுக்குத் தகுதி தருகிறது. இதே காரணத்தால், சுவிட்சர்லாந்தில் இலங்கைக் கடவுச்சீட்டோடு வாழும் தமிழருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை; அவர் பக்கத்து வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழ்பவருக்கு இருக்கிறது. பிரித்தானியா 2020 முடிவோடு இதிலிருந்து விலகிவிட்டது.

புகாரைக் கடைக்காரரின் நாட்டு அமைப்புதான் நடத்தும். ஜெர்மனியில் அது புண்டஸ்நெட்ஸ்அகெண்டூர் என்ற வலையமைப்பு ஆணையம், 3 லட்சம் யூரோ வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் உடையது. எல்லா நாட்டிலும் அதிகாரிகள் ஒரே அளவு கண்டிப்பானவர்கள் அல்லர். தண்டங்கள் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுபடுவதை ஐரோப்பியத் தணிக்கை மன்றமே 2025இல் சுட்டிக்காட்டியது. அங்கே நேராகப் போவதற்கு முன், பெல்ஜியத்திலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதுங்கள். செலவில்லை, அவர்கள் கேல் என்ற ஊரிலுள்ள ஜெர்மன் மையத்தின் வழியாகக் கடையோடு பேசுவார்கள். பழைய கட்டுரைகள் பரிந்துரைக்கும் ஒன்றியத்தின் இணையவழித் தகராறு தீர்வுத் தளம் 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்த வழிகளால் கடை தன் தளத்தைத் திருத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குள் தள்ளுபடி விலை முடிந்துபோயிருப்பதையும் அதே அளவு பார்த்திருக்கிறேன்.

ஆகவே இன்றே செய்யத்தக்கது, கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு சிறு மின்னஞ்சல். படிவம் காட்டிய சிவப்புப் பிழைச் செய்தியையும் அட்டை மறுப்புப் பக்கத்தையும் தேதியோடு படம் பிடித்து இணையுங்கள். லியேஜுக்கு டெலிவரி கேட்கவில்லை, ஆகன் முகவரியில் பெற்றுக்கொள்கிறேன், தளத்தில் அறிவித்துள்ள அட்டையாலேயே கட்டுகிறேன், 2018/302 விதியின் 4ஆம், 5ஆம் பிரிவுகளின்படி ஆர்டரை ஏற்கவும் என்று எழுதுங்கள். பிரிவு எண்ணைப் பார்த்ததும் பல கடைகள் கையாலேயே ஆர்டரைப் பதிந்து தந்துவிடுகின்றன. எழுதும் அந்த நேரத்திலேயே இயந்திரத்தின் பிளக் எந்த வகை என்றும் கேட்டுவிடுங்கள். ஜெர்மன் சுவர்ச் சாக்கெட்டும் பெல்ஜியச் சாக்கெட்டும் ஒன்றல்ல. இப்போது வரும் பெரும்பாலான இயந்திரங்களில் இரண்டுக்கும் பொருந்தும் கலப்புப் பிளக்தான் இருக்கும், பெல்ஜியச் சாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தொடர்புக் கம்பி நுழைய அதில் ஒரு துளை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.